ஜோகன்னஸ்பர்க்கில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதிக்கும்: காபி, டீ எத்தனை நிமிடம் ஊறவேண்டும்?

தென்னாப்பிரிக்காவின் கடலோர ஊரான டர்பனில் இருந்த மூன்று வருடமும் என் டீயை யாரும் குறை சொன்னதில்லை. வேலை மாறி ஜோகன்னஸ்பர்க் வந்த முதல் வாரமே டீ சொதப்ப ஆரம்பித்தது. அதே தூள், அதே பீங்கான் டீபாட், அதே மூன்றரை நிமிடம். கோப்பையில் ஊற்றினால் வெளுத்துப்போய் இருக்கும், பால் விட்டதும் சாக்பீஸ் கரைத்த தண்ணீர் மாதிரி ஆகிவிடும். தூள் பழசாகிவிட்டது என்று புதுப் பாக்கெட் வாங்கினேன். அப்புறம் குழாய்த் தண்ணீர்மேல் சந்தேகப்பட்டுக் கேன் தண்ணீர் வாங்கினேன். இரண்டும் தண்டச்செலவு.

விஷயம் பிடிபட்டது டீயால் இல்லை, சாம்பாரால். ஒரு ஞாயிற்றுக்கிழமை குக்கர் கேஸ்கெட் கிழிந்துபோய், துவரம்பருப்பைத் திறந்த பாத்திரத்தில் போட்டு வேகவைத்தேன். முக்கால் மணி நேரம் போச்சு, ஒரு மணி நேரம் போச்சு, பருப்பு கல்லு மாதிரி அப்படியே இருந்தது. தளதளவென்று கொதிக்கிற தண்ணீருக்குள் சமையல் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தால் 94 டிகிரி. தீயைக் கூட்டினேன், ஆவிதான் கூடியது, முள் நகரவில்லை. அம்மாவிடம் போனில் சொன்னபோது, "அந்த ஊர்ல தண்ணிகூட முழுசா கொதிக்காதாடா?" என்றார். அதேதான் அம்மா, அதேதான்.

இணையத்தில் கிடைக்கிற "டீக்கு 3 நிமிடம், காபிக்கு 4 நிமிடம்" கணக்கெல்லாம் பெரும்பாலும் கடல்மட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கிறவர்கள் போட்டது. டர்பனுக்கும் கேப் டவுனுக்கும் சென்னைக்கும் அது சரியாக வரும். ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலை இறங்கும், ஏனென்றால் மேலே காற்றழுத்தம் குறைவு. பிரிட்டோரியா கொஞ்சம் தாழ்வு என்பதால் அங்கே 95, 96 வரும். ஆகவே நிமிடத்தை மட்டும் பார்த்தால் போதாது. நிமிடம், சூடு, அரைத்த பதம் மூன்றும் ஒரே தராசில் இருக்கிறவை. ஒன்று இறங்கினால் இன்னொன்றை ஏற்றவேண்டும்.

முதல் வேலை: உங்கள் கெட்டிலை அளந்து பாருங்கள்

சாதாரண டிஜிட்டல் சமையல் தெர்மாமீட்டர் ஒன்று போதும். கெட்டில் கொதித்து அணைந்ததும் ஒரு அளவு. அந்தத் தண்ணீரை, நீங்கள் தினமும் பயன்படுத்தும் பாத்திரத்தில் ஊற்றி அரை நிமிடம் கழித்து இன்னொரு அளவு. இரண்டாவது அளவுதான் முக்கியம். இங்கே குளிர்காலமான ஜூலை மாதக் காலையில், ஹீட்டர் இல்லாத என் சமையலறையில், கனமான பீங்கான் டீபாட்டில் 94-இல் ஊற்றிய தண்ணீர் கண்முன்னே 80-க்குப் பக்கத்தில் இறங்கியது. பீங்கானே பாதிச் சூட்டைக் குடித்துவிடுகிறது. அதற்குள் தூளைப் போட்டால் எங்கே இறங்கும்?

ஆகவே முதலில் ஒரு டம்ளர் வெந்நீரை டீபாட்டில் ஊற்றிச் சுழற்றி, ஒரு நிமிடம் வைத்துக் கொட்டிவிடுங்கள். அதற்கப்புறம் ஊற்றினால் 90-ஐ ஒட்டி நிற்கும். டர்பனில் இதைச் செய்யாமலே தப்பித்துக்கொண்டிருந்தேன், அங்கே சமையலறையே வெந்நீர் அறை மாதிரிதான். ஜோகன்னஸ்பர்க் குளிரில் இந்த ஒரு காரியம் ஒரு நிமிடக் கூடுதல் ஊறலுக்குச் சமம் என்பது என் அனுபவம்.

நாக்கில் தெரிவது என்ன

கடிகாரத்துக்கு முன்னால் நாக்கைப் பழக்கவேண்டும். நமக்கு அறுசுவை என்ற கணக்கு இருப்பது இங்கே பெரிய வசதி. காபி புளித்தால், உப்புச்சப்பில்லாமல் சட்டென்று நாக்கைவிட்டு ஓடினால், போதுமான அளவு இறங்கவில்லை என்று அர்த்தம்: நேரத்தைக் கூட்டுங்கள், அல்லது இன்னும் நைசாக அரையுங்கள். சாம்பல் மாதிரிக் கசந்து தொண்டையில் நின்றால் அதிகமாக இறங்கிவிட்டது. டீயில் கவனிக்கவேண்டியது கசப்பைவிடத் துவர்ப்பு. நெல்லிக்காய் கடித்த மாதிரி, பச்சை வாழைப்பூ மென்ற மாதிரி, கன்னத்தின் உள்பக்கம் இழுத்துப் பிடிக்கும். இலையிலிருந்து காஃபீன் சீக்கிரமே இறங்கிவிடும், துவர்ப்புச் சத்துகள் நிமிடம் ஏற ஏற வந்துகொண்டே இருக்கும். ஆகவே "ஸ்ட்ராங்காக வேண்டும்" என்று டீயைப் பத்து நிமிடம் ஊறவைத்தால் கிடைப்பது பெரும்பாலும் துவர்ப்புதான். ஸ்ட்ராங்காக வேண்டுமென்றால் தூளைக் கூட்டுங்கள், நேரத்தைக் கூட்டாதீர்கள்.

பால் சேர்ப்பவர்களுக்குக் கொஞ்சம் சலுகை உண்டு. பாலில் இருக்கும் புரதம் அந்தத் துவர்ப்பைப் பிடித்துக்கொள்ளும், நாக்குக்கு விடாது. நம்மூர் டீக்கடையில் தூள் மணிக்கணக்கில் பையில் ஊறியும் டீ குடிக்கிற மாதிரி இருப்பது அதனால்தான்.

டீபாட்டில் இலை டீ

அளவு: 200 மில்லி கோப்பைக்கு இரண்டு முதல் இரண்டரை கிராம், அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூன். டீயை ருசி பார்த்துத் தரம் பிரிப்பவர்களுக்காக ஐ.எஸ்.ஓ. 3103 என்று ஒரு சர்வதேச முறையே இருக்கிறது: 100 மில்லிக்கு 2 கிராம், கொதிநீர், 6 நிமிடம். அது குறையைக் கண்டுபிடிப்பதற்காக வேண்டுமென்றே கடுமையாகப் போடுகிற டீ, வீட்டில் அப்படிப் போட்டால் மாமியார் திட்டுவார்.

வீட்டுக்கு, டர்பனில் கறுப்பு இலைக்கு மூன்றரை முதல் நான்கு நிமிடம். ஜோகன்னஸ்பர்க்கில் ஐந்து. டீபாட்டைச் சுடவைத்து, மூடி போட்டு, மேலே ஒரு துண்டைச் சுற்றி ஐந்து. நேரம் முடிந்ததும் இலையைப் பிரித்துவிடவேண்டும், இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். இலை உள்ளேயே கிடந்தால் முதல் கோப்பை நன்றாக இருக்கும், இரண்டாவது கோப்பை கஷாயம்.

டர்பனில் நான் குடியிருந்த வீட்டு ஆன்ட்டி, டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த்தில் பிறந்து வளர்ந்தவர், அவருடைய முப்பாட்டனார் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேறி வந்தவர். தமிழில் அவருக்குத் தெரிந்தது பத்திருபது வார்த்தை, அதில் என்னைக் கூப்பிடுகிற "தம்பி"யும் ஒன்று. கடிகாரமே பார்க்கமாட்டார். டீபாட்டில் வெந்நீர் ஊற்றி, பின்னலாடை போட்ட கோழி மாதிரி இருக்கும் உறையை அதன்மேல் கவிழ்த்துவிட்டு, நாலு துண்டு பிரெட்டுக்கு ஓரம்வரை வெண்ணெய் தடவுவார். கடைசித் துண்டு முடிந்ததும் டீயை ஊற்றுவார். ஒருநாள் பக்கத்தில் நின்று ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தேன், நான்கு நிமிடத்துக்கு ஐந்தாறு விநாடி குறைவு. வெண்ணெய் ஃபிரிட்ஜில் இறுகிப்போன நாளில் மட்டும் டீ கொஞ்சம் கடுப்பாக வரும்.

இந்த மண்ணில் டீ விளைந்த காலமும் உண்டு. டர்பன் இருக்கும் நேட்டால் பகுதியில் முதலில் காபி போட்டார்கள், அது நோய் வந்து அழிந்தது. அப்புறம் 1877 வாக்கில் ஸ்டாங்கருக்குப் பக்கத்தில் கேர்ஸ்னியில் ஹியூலெட் என்பவர் டீத்தோட்டம் போட்டார், ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் ஆட்கள்தான் அதில் இலை பறித்தார்கள். 1911-இல் ஒப்பந்தக் கூலி முறை நின்றது, டீயும் மெல்ல மெல்ல கரும்புக்கு வழிவிட்டது.

டீ பேக்

பையில் இருப்பது பொடி, அதனால் சீக்கிரம் இறங்கும். டர்பனில் இரண்டரை நிமிடம், ஜோகன்னஸ்பர்க்கில் மூன்றரை. கோப்பைக்கு மேலே ஒரு சாசரைக் கவிழ்த்து மூடுங்கள். கடைசியில் பையைப் பிழியாதீர்கள், பிழிந்தால் வருவது துவர்ப்பு. இன்னொன்று, பையோடு பாலையும் முதலிலேயே ஊற்றி அப்புறம் வெந்நீர் விடுகிற பழக்கம் இங்கே ஆபீஸ் சமையலறைகளில் நிறையப் பார்க்கிறேன். குளிர்ந்த பால் ஏற்கெனவே குறைவான சூட்டையும் இறக்கிவிடும், அப்புறம் அரை மணி நேரம் ஊறினாலும் நிறம் வராது. பால் கடைசியில்தான்.

நம்மூர் கொதிக்கிற டீ

இதற்குச் சின்ன உருண்டையாக இருக்கும் சி.டி.சி. தூள் வேண்டும். டர்பன், ஜோகன்னஸ்பர்க் இரண்டிலும் இந்திய மளிகைக் கடைகளில் கிடைக்கும்.

இரண்டு பேருக்கு 250 மில்லி தண்ணீர், தட்டிய இஞ்சி ஒரு துண்டு, ஏலக்காய் இரண்டு. முதலில் இஞ்சியை மட்டும் தண்ணீரில் மூன்று நான்கு நிமிடம் கொதிக்கவிடுங்கள். பச்சை இஞ்சியில் பாலைத் திரிக்கும் நொதி ஒன்று இருக்கிறது, கொதித்தால் அது அடங்கிவிடும். அவசரத்தில் பாலிலேயே இஞ்சியைத் தட்டிப்போட்டுப் பனீர் செய்த அனுபவம் எனக்கு உண்டு, அதுவும் விருந்தாளி வந்திருந்த நேரத்தில். அப்புறம் இரண்டு டீஸ்பூன் தூள், மிதமான தீயில் டர்பனில் இரண்டு நிமிடம், ஜோகன்னஸ்பர்க்கில் மூன்று. பிறகு 200 மில்லி பால். பொங்கி மேலே வரும்போது தீயைக் குறைத்து, இறங்கியதும் மறுபடி ஏற்றி, இரண்டு தடவை பொங்கவிடுங்கள். பால் ஊற்றியதிலிருந்து மொத்தம் மூன்று நிமிடம் போதும், வடிகட்டிவிடுங்கள். டீ வடிந்தபிறகு சர்க்கரை.

இந்த டீயில் உயரத்தின் பாதிப்பு குறைவு, ஏனென்றால் அடுப்பு விடாமல் சூடு கொடுத்துக்கொண்டே இருக்கிறது. டீபாட்டில் அப்படி இல்லை, ஊற்றிய விநாடியிலிருந்து ஆறிக்கொண்டே போகும்.

ஃபில்டர் காபி

இதில்தான் அதிகம் தப்பு நடக்கிறது, அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

இங்கே சூப்பர்மார்க்கெட்டில் அரைத்து வைத்திருக்கும் காபி பெரும்பாலும் பிளஞ்சருக்கான (தூளை ஊறவைத்து, வலைத்தட்டால் அழுத்தி வடிக்கும் கண்ணாடிக் குடுவை) கரடுமுரடான பதம், சிக்கரி கிடையாது. அதை நம் பித்தளை ஃபில்டரில் போட்டால் மூன்று நிமிடத்தில் தடதடவென்று இறங்கிவிடும், கீழே கிடைப்பது நிறம் மாறிய வெந்நீர். கடையில் அரைத்துக் கொடுக்கிறவர்களிடம் பிளஞ்சர் பதத்தைவிட நைசாக, ஆனால் எஸ்பிரஸோ அளவுக்குப் போகாமல் கேளுங்கள். விரலில் தேய்த்தால் மாவாக ஒட்டக்கூடாது, சன்னமான மணலாகத் தட்டுப்படவேண்டும். சிக்கரி இங்கே புதுசில்லை, கிழக்கு கேப்பில் அலெக்ஸாண்ட்ரியா பக்கம் அதை விளைவிக்கிறார்கள், இந்த நாட்டின் பிரபல டின் காபித்தூள்கள் சிலவற்றில் காபியைவிட அதுதான் அதிகம். (அந்த டின் காபிக்கு ஊறல் நேரமே கிடையாது, கரைந்தால் முடிந்தது.) தனியாகச் சிக்கரித் தூள் கிடைத்தால் 80-க்கு 20 கலந்துகொள்ளுங்கள். சிக்கரி தண்ணீரை இழுத்து உப்பிக்கொண்டு சொட்டும் வேகத்தைக் குறைக்கும், அதனால் 70-க்கு 30 போட்டால் கூடுதலாக ஐந்து நிமிடம் காத்திருக்கவேண்டும்.

இரண்டு டம்ளர் காபிக்கு 24 கிராம் தூள். மேல் பாத்திரத்தில் போட்டு, பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டிச் சமப்படுத்தி, குடையை வைத்து லேசாக அழுத்துங்கள். லேசாக என்றால் பஞ்சுத் தலையணையில் கை வைக்கிற அளவு. கெட்டில் அணைந்ததும் 40 மில்லி வெந்நீரைச் சுற்றி ஊற்றி ஒரு நிமிடம் விடுங்கள், தூள் உப்பி நுரைக்கும். அப்புறம் மீதி 80 மில்லியை ஊற்றி மூடிவிடுங்கள். இங்கே ஜோகன்னஸ்பர்க்காரர்களுக்கு ஒரு நல்ல செய்தி: காபிக்கு ஏற்ற சூடு சுமார் 90 முதல் 96 வரை, நம் கெட்டில் அணையும்போதே அதில்தான் நிற்கிறது, உடனே ஊற்றலாம். டர்பனில் அரை நிமிடம் பொறுத்து ஊற்றினால் கசப்பு குறையும்.

இனி சொட்டும் நேரம். 15 முதல் 20 நிமிடத்தில் முடிந்தால் சரி. தூள் கிட்டத்தட்ட பாதித் தண்ணீரைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும், கீழே 70 மில்லி கள்ளிச்சொட்டு மாதிரி நிற்கும். ஏழெட்டு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டால் தூள் கரடு, அல்லது நீங்கள் அழுத்தவில்லை. அரை மணி நேரம் ஆகியும் மேலே தண்ணீர் நின்றால் மூன்று காரணம் பாருங்கள். ஒன்று, இரண்டு பாத்திரங்களும் இறுக்கமாகப் பொருந்தி உள்ளே காற்று மாட்டிக்கொண்டிருக்கும், மேல் பாத்திரத்தை நூலளவு தூக்கி வைத்தால் சடசடவென்று சொட்ட ஆரம்பிக்கும். இரண்டு, ஓட்டைகள் அடைத்திருக்கும், கழுவிக் காயவைத்தபின் அடிப்பக்கத்தைக் கேஸ் தீயில் காட்டினால் பழைய தூள் எரிந்து உதிரும், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஓட்டைகள் நட்சத்திரம் மாதிரித் தெரியும். மூன்று, டர்பன் ஈரக்காற்றில் தூள் நமுத்துக் கட்டியாகியிருக்கும், அதற்கு டப்பாவை மாற்றுவதைத் தவிர வேறு மருந்து இல்லை.

இரண்டாம் டிகாஷனுக்கு 60 மில்லி போதும், அது தனியாகக் குடிக்க அல்ல, முதல் டிகாஷனோடு கலந்து ஆளைச் சமாளிக்க. டிகாஷனை எக்காரணம் கொண்டும் அடுப்பில் கொதிக்கவிடாதீர்கள். ஆறிப்போனால் கிண்ணத்தோடு வெந்நீரில் உட்காரவையுங்கள், அல்லது பாலை நன்றாகக் காய்ச்சி ஊற்றினால் அந்தச் சூடே போதும்.

இராத்திரியே போட்டு வைக்கலாமா என்றால், வைக்கலாம். தண்ணீர் முழுக்க இறங்கியபின் கீழே இருப்பது ஊறிக்கொண்டே இருப்பதில்லை, அதனால் கசக்காது, மணம் கொஞ்சம் போகும், அவ்வளவுதான். மின்வெட்டு அட்டவணை ஒட்டிய நாட்களில் நான் தினமும் இப்படித்தான் செய்தேன்: இராத்திரி டிகாஷன், பிளாஸ்கில் காய்ச்சிய பால், காலை ஐந்து மணி இருட்டில் டபராவில் ஆற்றிக் குடித்துவிட்டு வேலைக்கு.

பிளஞ்சர், மற்றவை

பிளஞ்சர் இந்த நாட்டில் வீட்டுக்கு வீடு இருக்கும். 500 மில்லிக்கு 30 கிராம், கல் உப்பை ஒன்றிரண்டாக நுணுக்கிய பதம். கண்ணாடிக் குடுவையை வெந்நீரால் சுடவைத்து, தூள் போட்டு, தண்ணீரை ஒரேயடியாக ஊற்றி, நான்கு நிமிடம். மேலே தொப்பி மாதிரி நிற்கும் நுரையைக் கரண்டியால் கலைத்து, ஒரு நிமிடம் அடங்கவிட்டு அழுத்துங்கள். அழுத்த முடியாமல் கை வலித்தால் தூள் நைசு, வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கினால் கரடு. அழுத்தியபின் முழுவதையும் ஊற்றிவிடுங்கள், குடுவையில் வைத்தால் ஊறிக்கொண்டே இருக்கும்.

காகித வடிகட்டியில் ஊற்றுகிற காபிக்கு 15 கிராம், 250 மில்லி, முதல் 30 மில்லி ஊற்றி 40 விநாடி, பிறகு மெதுவாக மீதி, மொத்தம் மூன்று நிமிடம். அடுப்பில் வைத்துக் காபி இறக்கும் மோக்கா பாட் (pot) என்றால், அதன் கீழ்ப் பாத்திரத்தில் வெந்நீரையே ஊற்றுங்கள், மிதமான தீ, நான்கைந்து நிமிடம், கொரகொரவென்று சத்தம் வந்ததும் இறக்கிவிடுங்கள். டர்பன் வெயிலுக்குக் குளிர்நீர்க் காபி: கரடான தூள் 60 கிராம், அரை லிட்டர் தண்ணீர், ஃபிரிட்ஜில் 14 மணி நேரம், வடிகட்டிப் பாதிக்குப் பாதி தண்ணீரோ பாலோ.

கிரீன் டீக்கு 75 முதல் 80 டிகிரி, இரண்டு நிமிடம். கொதிநீரை மூடியில்லாமல் ஆறவிட்டு ஊற்றவேண்டும். எத்தனை நிமிடம் ஆறவேண்டும் என்பதை உங்கள் பாத்திரமும் பருவமும்தான் சொல்லும், தெர்மாமீட்டரை விடுங்கள்.

ரூயிபோஸ்

மேற்கு கேப்பில் செடர்பர்க் மலைப்பக்கம் விளைகிற செம்புதர், டீச்செடிக்கும் இதற்கும் உறவே இல்லை. காஃபீன் கிடையாது, துவர்ப்பும் ரொம்பக் குறைவு. அதனால் மேலே சொன்ன எச்சரிக்கைகளை எல்லாம் இங்கே தலைகீழாகப் படிக்கவேண்டும். மூன்று நிமிடத்தில் எடுத்துவிட்டு "வைக்கோல் தண்ணீர்" என்று முகம் சுளிப்பவர்கள் இதைச் சரியாகக் குடித்ததே இல்லை. குறைந்தது ஏழு நிமிடம், ஜோகன்னஸ்பர்க்கில் பத்து. அடுப்பில் வைத்து ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டாலும் கெடாது, இன்னும் அடர்ந்த செக்கச்சிவப்பாகும். நான் இஞ்சியும் பட்டையும் போட்டுக் கொதிக்கவிட்டுப் பால் சேர்த்து இரவு ஒன்பது மணிக்குக் குடிக்கிறேன், தூக்கம் கெடுவதில்லை. பையைக் கோப்பையிலேயே மறந்துவிட்டு அரை மணி நேரம் கழித்து வந்தாலும் ஒன்றும் ஆகாது, ஆறிப்போயிருக்கும், சுடவைத்துக் குடியுங்கள்.